பழைய தோல், புதிய தோள்

2016 ஜூலையில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பழுப்பு நிறத் தோல் ஜாக்கெட் ஒன்று 1,10,500 பவுண்டுக்குப் போனது. 1930களில் லீவைஸ் நிறுவனம் தைத்தது; 'மென்லோ கோசாக்' என்ற பெயரில் அன்று கடையில் விற்ற ரகம். போட்டிருந்தவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். 1938 ஏப்ரலில் வந்த 'டைம்' இதழின் அட்டையில் அவர் அதே ஜாக்கெட்டில்தான் இருக்கிறார். ஏலத்தில் எடுத்ததும் லீவைஸ்தான். இரண்டு ஆண்டு கழித்து அதைப் பார்த்து 500 நகல்கள் தைத்து, ஒன்று 1,200 டாலர் என்று விற்றார்கள். ஐன்ஸ்டைனின் சுங்கான் புகை வாடை எண்பது ஆண்டு கழித்தும் அந்தத் தோலை விட்டுப் போயிருக்கவில்லை. ஆகவே புரூக்ளினில் உள்ள வாசனைத் திரவியக் கம்பெனி ஒன்றைப் பிடித்து, புகையிலையும் பழந்தாளும் தோலும் மணக்கும் தைலம் ஒன்றைச் செய்து ஜாக்கெட்டோடு சேர்த்தே கொடுத்தார்கள்.

வாசனை வரைக்கும் நகலெடுத்தாயிற்று. எங்கே நிறுத்துவது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. ஒரு பழைய ஜாக்கெட்டை இன்றைய ஆளுக்காகத் திரும்பச் செய்யும்போது எதை அப்படியே வைக்க வேண்டும், எதை மாற்றலாம், எதை மாற்றினால் அது வேறு பொருளாகிவிடும்? இதையே பிழைப்பாகக் கொண்ட பட்டறைகள் உலகில் இருக்கின்றன. இங்கிலாந்தின் டெவனில் ஈஸ்ட்மன், ஸ்காட்லாந்தின் காலாஷீல்ஸில் ஏரோ, ஜப்பானின் கோபேயில் ரியல் மெக்காய்ஸ், டோக்கியோவில் டோயோ நிறுவனத்தின் பஸ் ரிக்சன்ஸ் ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை. இவர்களுடைய வாடிக்கையாளர்கள் தையலை எண்ணுகிறவர்கள். ஜிப்பின் இழுவையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள். அவர்கள் வாதிடுவதில் முக்கால்வாசி தோலைப் பற்றியும் உலோகத்தைப் பற்றியும்தான். எனக்கு இதில் ஒரு மாறுபாடு உண்டு. ஜாக்கெட்டின் வடிவம் குடியிருப்பது வெட்டில். தோலை மாற்றினாலும் அந்த ஜாக்கெட் பிழைத்துக்கொள்ளும், வெட்டை மாற்றினால் பிழைக்காது. சந்தையோ பெரும்பாலும் தோலைக் காப்பாற்றிவிட்டு வெட்டைக் கைவிடுகிறது.

இந்த வாதம் மிகக் கடுமையாக நடப்பது அமெரிக்க விமானப் படையின் ஏ-2 ஜாக்கெட்டைச் சுற்றி. ஆகவே அதையே எடுத்துக்கொள்வோம்.

1927இல் வந்த ஏ-1க்குக் கம்பளிப் பின்னல் காலர், முன்பக்கம் பட்டன். அதன் வாரிசாக 1931 மே மாதம் ஏ-2 முறைப்படி ஏற்கப்பட்டது. சட்டைக் காலர் போன்ற தோல் காலர், பட்டனுக்குப் பதில் ஜிப், தோளில் பட்டை, முன்னால் மூடியுள்ள இரண்டு பை, மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளி ரிப். முதுகு ஒரே துண்டுத் தோல், நடுவில் தையல் கிடையாது. அன்றைய விமானங்களில் விமானி குளிரில் உட்கார்ந்திருப்பார். காற்று புகாமல் இருக்க வேண்டும், கை தாராளமாக இயங்க வேண்டும், இடுப்புக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது. வடிவம் அவ்வளவுதான். 1943இல் படை தோலைக் கைவிட்டுத் துணி ஜாக்கெட்டுக்கு மாறியது. விமானிகளோ ஏ-2வைக் கழற்ற மறுத்தார்கள். இருபது ஆண்டு கழித்து 1963இல் 'த கிரேட் எஸ்கேப்' படத்தில் ஸ்டீவ் மெக்குவீன் அதைப் போட்டுக்கொண்டு வர, போர் பார்க்காதவர்களுக்கும் அதன்மேல் ஆசை பிறந்தது.

நகலெடுக்க உட்காருகிறவரின் முதல் சிக்கல், எந்த ஏ-2வை நகலெடுப்பது என்பதே. படையின் வரைபட எண் 30-1415 என்பது ஒன்றுதான். அதை வைத்துத் தைத்த ஒப்பந்தக்காரர்களோ பலர். நியூயார்க் மாநிலத்தில் ஏரோ லெதர், பெர்ரி ஸ்போர்ட்ஸ்வேர், பென்சில்வேனியாவில் ரஃப் வேர், சிகாகோவில் டூபோ என்று நீளும் பட்டியல். வரைபடம் சொன்னது பொது அமைப்பை. காகித வடிவங்களை அவரவர் வெட்டிக்கொண்டார்கள். அதனால் ஒருவருடைய காலர் முனை நீண்டும் இன்னொருவருடையது உருண்டும் இருக்கும். ஒருவர் தைத்த 40ஆம் அளவு உடம்பை ஒட்டும், இன்னொருவருடைய 40 தளர்ந்து நிற்கும். 'அசல் ஏ-2' என்று ஒற்றைப் பொருளைக் காட்டவே முடியாது. நேர்மையான பட்டறைகள் இன்ன ஒப்பந்தம், இன்ன ஆண்டு என்று சொல்லித்தான் தைக்கின்றன. எல்லாவற்றிலும் நல்லதைப் பொறுக்கி ஒன்றாக்குகிற நகல்கள் யாரும் எந்தக் காலத்திலும் போடாத ஜாக்கெட்டாகிவிடுகின்றன.

அடுத்த சிக்கல் அளவெடுப்பது. எண்பது ஆண்டுப் பழசான தோல் அளவுநாடாவிடம் உண்மை பேசாது. காய்ந்து சுருங்கியிருக்கும், முழங்கையில் புடைத்திருக்கும், இடுப்பு ரிப் பூச்சி அரித்துப் பிற்பாடு மாற்றியதாக இருக்கும். ஆகவே கந்தலாகிப் போன அசல் ஒன்றைத் தையல் பிரித்து, துண்டு துண்டாகப் பரப்பி, ஒவ்வொன்றும் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்று கணக்குப் போட்டு, அதே ஒப்பந்தத்தில் தைத்த வேறு பிரதிகளோடு ஒப்பிட்டு வடிவத்தை மீட்கிறார்கள். பிரிக்க மனமில்லாதவர்கள் குண்டூசியும் காகிதமும் வைத்துத் தையல் வரிகளைப் படியெடுக்கிறார்கள். இரண்டிலும் கடைசி முடிவு வெட்டுகிறவரின் கையில்தான் இருக்கிறது.

இப்போது தோல். பழைய ஏ-2வில் பெரும்பகுதி குதிரைத் தோல். இதில் வீரக்கதை எதுவும் கிடையாது. 1920 வாக்கில் அமெரிக்கப் பண்ணைகளில் குதிரையும் கோவேறு கழுதையுமாக இரண்டரைக் கோடி உருப்படி இருந்தன. டிராக்டர் வர வர அவை கழிக்கப்பட்டன. குதிரைத் தோல் மலிந்தது. பின்தொடைப் பகுதியிலுள்ள இறுகிய அடுக்கு காலணிக்குப் போகும். முன்பாதித் தோல் ஜாக்கெட்டுக்கு வரும். 1960இல் அமெரிக்காவில் மிஞ்சியவை ஏறத்தாழ முப்பது லட்சம். இன்று நிலைமை தலைகீழ். அமெரிக்காவின் கடைசிக் குதிரை அறுப்புக் கூடங்கள் 2007இல் மூடப்பட்டன. நகல் தைப்பவர்கள் இத்தாலியிலிருந்தும், ஜப்பானின் ஹிமேஜியில் உள்ள ஷின்கி போன்ற பதனிடும் ஆலைகளிலிருந்தும் குதிரைத் தோலைக் காத்திருந்து வாங்குகிறார்கள். அன்று மலிவு என்பதற்காக எடுத்த தோல் இன்று அரிது என்பதற்காக எடுக்கப்படுகிறது. பொருள் அதேதான். ஆனால் 1942இல் ஒப்பந்தக்காரர் செய்த முடிவை இன்று யாராவது செய்வதாக இருந்தால், அவர் கையில் கிடைக்கும் திடமான மாட்டுத் தோலையோ ஆட்டுத் தோலையோதான் எடுப்பார்.

ஆட்டுத் தோல் ஒன்றும் குறைச்சல் அல்ல. ஏ-2விலேயே ஆட்டுத் தோலில் தைத்தவை உண்டு. கடற்படை விமானிகளின் ஜாக்கெட்டுக்கு அதுதான் வழக்கமான தோல். எடை குறைவு, கிழிசலுக்கு எளிதில் இடம் கொடுக்காது, மேற்பரப்பில் குறுகுறுவென்று ஒரு மணி ஓடும். அன்றைய அமெரிக்கா ஆட்டுத் தோலுக்குப் பெரிதும் இறக்குமதியையே நம்பியிருந்தது. இந்தியா அதற்கு ஒரு முக்கிய வாயில். நம் ஊர் வெள்ளாட்டின் தோல் ஏதோ ஒரு விமானியின் முதுகில் அட்லாண்டிக்கைக் கடந்திருக்கலாம்.

பதனிடும் முறையில்தான் பழமைவாதிகள் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறிய தோல் விறைப்பாக இருக்கும், போடப் போட மடிப்பு விழும், விழுந்த மடிப்பு நிற்கும், வெயிலில் கறுக்கும். குரோம் உப்பில் பதனிட்டது ஓரிரு நாளில் தயாராகும், மெத்தென்று இருக்கும், மடிப்பை மறந்துவிடும். குரோம் முறைக்கு 1884இலேயே காப்புரிமை வாங்கியாயிற்று. உலகில் இன்று பதனிடும் தோலில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் குரோம்தான். பழைய ஜாக்கெட்டின் முழங்கைச் சுருக்கம் வேண்டுமென்றால் பட்டைப் பதம் வேண்டும் என்பது நியாயமான பேச்சு. கறுப்புப் பூச்சுக்கு அடியில் பழுப்பை வைத்துப் பதனிடும் ஜப்பானியத் தோலும் உண்டு. மேற்பூச்சு தேயத் தேய ஓரங்களில் பழுப்பு எட்டிப் பார்க்கும். அதற்கென்றே பைத்தியமான ஒரு கூட்டம் இருக்கிறது.

பட்டைப் பதம் தமிழ்நாட்டுக்குப் பழைய சரக்கு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்ட 'ஈ.ஐ.' (ஈஸ்ட் இந்தியா) தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டனுக்குப் போய், அங்கே மறுபதம் பெற்றுப் பல பொருள்களானது. 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குரோம் தோல் ஆலை வந்து ஒரு ஊருக்கே குரோம்பேட்டை என்று பெயர் வந்ததும் இதே நகரத்தில்தான். தோல் ஏற்றுமதி பற்றிய சீதாராமையா குழுவின் 1972ஆம் ஆண்டுப் பரிந்துரைக்குப் பிறகு பச்சைத் தோலும் அரைப்பதத் தோலும் வெளியே போவது குறைக்கப்பட்டது. முடித்த தோலும் தைத்த பொருளும் வளர்ந்தன. சென்னையில் ஐரோப்பியக் கடைகளுக்கு ஜாக்கெட் தைக்கும் தொழில் அந்த வழியில் வந்தது. அதன் விலையைப் பாலாறு கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வேலூர் மாவட்டத் தோல் ஆலைக் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்துகிறவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது. பட்டைப் பதம் என்றாலே மண்ணுக்கு நல்லது என்று விளம்பரத்தில் எழுதுவதையும் நான் அப்படியே நம்புவதில்லை. பட்டைச் சாறும் உப்பும் கலந்த கழிவுநீரும் சுத்திகரிக்காமல் விட்டால் ஆற்றைக் கெடுக்கத்தான் செய்யும்.

வேதியியல் இன்னொரு வகையிலும் கையைக் கட்டுகிறது. சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடுத்தது, இந்தியாவும் பின்தொடர்ந்தது. தோலில் ஆறிணைதிறக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2015 முதல் ஐரோப்பிய விதி. அன்றைய லாக்கர் பூச்சுக்குப் பதிலாக இன்று பெரும்பாலும் நீரில் கரைத்த பூச்சுகள். ஆகவே '1942இல் இருந்தபடியே' என்று எழுதி விற்கும் எந்தத் தோலும், சட்டப்படி விற்கிறதென்றால், 1942இல் இருந்தபடி இருக்க முடியாது. இதைக் குறை என்று சொல்லவில்லை. நம் தோளில் படுகிற பொருள் நஞ்சில்லாமல் இருப்பதற்காகச் செய்த மாற்றத்தை வருத்தப்படாமல் ஏற்கலாம்.

ஜிப், நூல், லைனிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பழைய ஜிப்புகளில் பெயர் பெற்றது பென்சில்வேனியாவின் மீட்வில் ஊரில் செய்த டேலன். அந்தக் காலத்துப் பயன்படாத சரக்கைத் தேடிப் பிடித்துப் புது ஜாக்கெட்டில் தைக்கிறவர்கள் உண்டு. கண்காட்சிப் பெட்டிக்கு என்றால் சரி. தினமும் போடுகிறவருக்கு அது வம்பு. நாடாவின் அடிமுனை எண்பது வயதில் பிய்ந்தால், ஜாக்கெட்டின் முன்பக்கத்தையே பிரித்துத் தைக்க வேண்டும். புதிதாக வார்த்த நகல் ஜிப் போதும். பருத்தி நூல் வியர்வையில் மக்கும். பாலியெஸ்டர் உள்ளோடும் நூலுக்கு வெளியே பருத்தி சுற்றியது கண்ணுக்கு அதேதான், ஆயுள் பல மடங்கு. இந்த இடங்களில் பிடிவாதம் பிடிப்பதால் ஜாக்கெட் ஒன்றும் கூடுதலாக ஏ-2 ஆகிவிடுவதில்லை.

வெட்டுக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைவீரரின் சராசரி உயரம் ஏறத்தாழ 5 அடி 8 அங்குலம், எடை 65 கிலோ. இன்றைய அமெரிக்க ஆணின் சராசரி உயரம் அதைவிட ஓர் அங்குலம்தான் கூடுதல், எடையோ 90 கிலோ. உயரம் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்க, சுற்றளவு மட்டும் பெருத்த உடம்பு இது. பழைய வடிவத்தை ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் தோள் வழிந்து இறங்கும், கை நீண்டுபோகும், வயிறு மட்டும் இன்னும் பிடிக்கும். இடுப்பு ரிப் வேறு அடியில் இழுத்துப் பிடிப்பதால் மேலே பலூன் மாதிரி ஊதும். அந்த நாளிலும் 46ஆம் அளவு இருந்தது. ஆனால் அது அகன்ற மார்புக்காரருக்கு வெட்டியது, தொப்பைக்காரருக்கு அல்ல. தோளையும் கையையும் 40இல் வைத்துக்கொண்டு, பக்கவாட்டுத் தையலில் மட்டும் இடம் விடுவது போன்ற வேலைகளை ஆளுக்கு ஆள் பார்த்துத்தான் செய்ய முடியும். நல்ல பட்டறைகள் முதலில் ஒரு மாதிரி ஜாக்கெட்டை அனுப்பிப் போட்டுப் பார்க்கச் சொல்கின்றன. சிலர் காடாத் துணியில் தைத்துத் திருத்திவிட்டுத்தான் தோலில் கத்தி வைக்கிறார்கள். தோலில் ஊசி போன துளை மூடாது. பிரித்துத் தைத்துப் பார்க்கும் வசதி அதில் இல்லை.

அடுத்தது நீளம். பழைய ஏ-2வைப் போட்டுப் பார்க்கிறவர்களில் பலரும் சொல்லும் முதல் குறை, குட்டையாக இருக்கிறது என்பது. குட்டை என்பது ஜாக்கெட்டின் குற்றம் அல்ல. 1930களில் பேன்ட் தொப்புள் உயரத்தில் நின்றது. ஜாக்கெட்டின் ரிப் அந்த இடுப்பில் வந்து உட்கார்ந்தது. இன்று ஜீன்ஸ் இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கிறது. நடுவில் சட்டை பிதுங்குகிறது. பெரிய கடைகள் இதற்குச் செய்யும் வைத்தியம், அடியில் மூன்று அங்குலம் கூட்டுவது. அப்படிச் செய்தால் பைகள் வயிற்றுக்கு மேலே அந்தரத்தில் நிற்கும். பையைக் கீழே இறக்கினால் தோளிலிருந்து பைக்குள்ள தூரம் கெடும். உட்கார்ந்தால் முன்பக்கம் மடிந்து முகவாயை முட்டும். ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை, அதையும் மார்புக்கும் பைக்கும் அடிவிளிம்புக்குமாகப் பிரித்துக் கூட்டினால் கண்ணுக்கு உறுத்தாது. அதற்கு மேல் தேவைப்படுகிறவர் உயர்ந்த இடுப்புப் பேன்ட் ஒன்று வாங்கலாம். ஜாக்கெட்டை மாற்றுவதைவிட அது மலிவு.

எல்லாவற்றிலும் கொடிய தவறு நடப்பது கைக்குழியில். பழைய ஜாக்கெட்டில் கைக்குழி சிறியது. அக்குளை ஒட்டி உயர்ந்து நிற்கும். கடையில் மாட்டிப் பார்க்கிறவருக்கு முதல் நிமிடத்தில் அது இறுக்கமாகத் தெரியும். உடனே அடுத்த தொகுப்பில் கைக்குழியைத் தாழ்த்திவிடுவார்கள். தாழ்ந்த கைக்குழியில் கையை நுழைப்பது சுலபம், தூக்குவது கஷ்டம். கையை உயர்த்தினால் பக்கவாட்டுத் தோலும் சேர்ந்து மேலே வரும், இடுப்பு ரிப் விலாவுக்கு ஏறும். உயர்ந்த கைக்குழியில் கை மட்டும் எழும்பும், ஜாக்கெட் நின்ற இடத்தில் நிற்கும். ரவிக்கை தைக்கிற எந்தத் தையல்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். கைக்குழியை ஆழமாக வெட்டிய ரவிக்கை, கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் அடியிலிருந்து ஏறிக்கொள்ளும். விமானிக்குத் தலைக்கு மேலிருக்கும் விசைகளை எட்ட வேண்டியிருந்தது. பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கிறவருக்கும் அதே தேவைதான். இன்றைய ஆளின் வசதிக்காக என்று சொல்லிச் செய்யும் மாற்றம் அவருடைய வசதியையே பறிக்கிறது.

இந்த வெட்டு தோலை எப்படிக் கிடத்துகிறோம் என்பதையும் பொறுத்தது. துணியில் ஊடு, பாவு என்று திசை இருப்பதுபோலத் தோலில் முதுகெலும்பு ஓடும் திசை இருக்கிறது. அந்த வாக்கில் நீட்டம் குறைவு, வயிற்றுப் பக்கம் நெகிழும். ஜாக்கெட்டின் முதுகு மிருகத்தின் முதுகிலிருந்து வர வேண்டும். ஒரு ஜாக்கெட்டுக்கு 30 முதல் 40 சதுர அடி தோல் செலவாகும். ஒவ்வொரு தோலிலும் முள் கீறலும் உண்ணிக் கடியும் வெவ்வேறு இடத்தில் இருக்கும். துணியை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவதுபோல இங்கே முடியாது. சென்னைத் தோல் ஆடைக் கூடங்களிலும் வடிவ அட்டையை வைத்து ஒவ்வொரு தோலாகக் கையால் வெட்டுகிறவர்தான் கூடத்தின் முக்கியப் புள்ளி. ஒரே துண்டு முதுகு என்பதற்குப் பெரிய, பழுதில்லாத தோல் வேண்டும். செலவைக் குறைக்க முதுகை இரண்டு மூன்று துண்டாக்குவது கடைத்தெரு நகல்களின் பொது வழக்கம். பின்னால் நடந்து வருகிறவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரியும்.

பெண்களுக்கான வடிவம் பற்றி இத்துறை போதிய அளவு யோசிக்கவில்லை. 1943, 44இல் டெக்சாஸில் பயிற்சியை முடித்த வாஸ்ப் பிரிவின் பெண் விமானிகள் 1,074 பேர். டிஸ்னி வரைந்த ஃபிஃபினெல்லா என்ற சிறகு முளைத்த குட்டிச் சித்திரத்தைத் தைத்துக்கொண்டு அவர்கள் போட்டதும் ஏ-2தான், ஆண்களுக்காக வெட்டியது. இன்று பெண்களுக்கென்று வரும் நகல்கள் ஒன்று ஆண் வடிவத்தின் சிறிய அளவாக இருக்கின்றன, இல்லையென்றால் இடுப்பை நறுக்கென்று பிடித்து அலங்காரப் பொருளாகிவிடுகின்றன. மார்புக்கு டார்ட் வைத்தால் தோலில் தழும்பு போலத் தெரியும். அதைப் பையின் மூடிக்கு அடியிலோ தோள் தையலுக்குள்ளோ மறைத்து வெட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நேரம் கொடுக்கிற முதலாளிகள்தான் குறைவு.

மாற்றம் கெட்டது என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். அமெரிக்க விமானப் படையே 1988இல் ஏ-2வைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆட்டுத் தோல், தாராளமான அளவு; பின்னாளில் கை நுழைக்கப் பக்கவாட்டுப் பையும் உள்பையும் சேர்ந்தன. உள்பை நல்ல சேர்க்கை. வெளியே தெரியாது, வடிவத்தை அசைக்காது, கைப்பேசிக்கு இடம். தாராள அளவுதான் அதைக் கெடுத்தது. போர்க்கால நிழற்படங்களுக்குப் பக்கத்தில் அந்தப் புது ஜாக்கெட்டை வைத்தால், பெயர் ஒன்றாக இருக்கும் இரண்டு உறவினர் மாதிரித்தான் இருக்கிறது.

மோட்டார் சைக்கிள்காரர்களின் நிலைமை வேறு. ஷாட் நிறுவனம் 1928இல் கொண்டுவந்த பெர்ஃபெக்டோ, 1953இல் 'த வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ உடம்பில் ஏறி உலகப் புகழ் பெற்றது. அதன் சாய்ந்த ஜிப்புக்குக் காரணம் உண்டு. குனிந்து ஓட்டும்போது நேர் ஜிப் வயிற்றில் மடங்கும், காற்றையும் உள்ளே விடும். ஐரோப்பாவில் இன்று ஒரு ஜாக்கெட்டைப் பாதுகாப்பு உடை என்று சொல்லி விற்க வேண்டுமானால், இஎன் 17092 தரப்படி உராய்வு, தையல் வலு எல்லாம் சோதித்து வகை பெற வேண்டும். பெரும்பாலான வகைகளுக்குத் தோளிலும் முழங்கையிலும் மெத்தைக்கு இடம் வேண்டும். மெத்தை வந்தால் கை அகலும், தோள் வட்டமாகும். அங்கே பழைய வடிவம் இறங்கி வரத்தான் வேண்டும். உயிரைவிட வடிவம் பெரிதில்லை. எனக்குப் பிடிக்காதது நடுவழி. ஓட்டுகிறவருக்கான உடை போன்ற தோற்றம், உள்ளே 0.7 மில்லிமீட்டர் ஆட்டுக்குட்டித் தோல், விழுந்தால் சாலையில் தாளாகக் கிழியும்.

பழசாக்கும் கலைக்கும் ஒரு சொல். புது ஜாக்கெட்டை உருட்டி, உரசி, ஓரம் தேய்த்துக் கொடுக்கிறார்கள். சினிமாவுக்கு அது தேவை. இண்டியானா ஜோன்ஸ் ஜாக்கெட்டைக் கத்தியும் கம்பித் தூரிகையும் வைத்துத்தான் பழையதாக்கினார்கள். தினசரி உடுப்பில் அது அடுத்தவருடைய முழங்கையை வாங்குவது போன்றது. தேய்மானம் எங்கே விழும் என்பது ஒவ்வொரு உடம்பின் பழக்கம். முன்கூட்டிச் செய்த தேய்மானம் போடுகிறவரின் மடிப்போடு ஒருநாளும் பொருந்துவதில்லை. அதைவிடச் சங்கடமானது முதுகு ஓவியம். ஐரோப்பாவின் மீது பறந்த குழுவினர் தங்கள் விமானத்தின் பெயரையும், முடித்த ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு குண்டுச் சித்திரத்தையும் ஜாக்கெட்டின் முதுகில் வரைந்தார்கள். அந்தக் குண்டுகளின் வரிசை, திரும்பி வந்தவரின் கணக்கு. அதை ஐந்நூறு பிரதியில் அச்சடித்து விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. படைப்பிரிவுச் சின்னம் இல்லாத வெற்றுத் தோல் ஜாக்கெட்டே ஏ-2வின் முழு வடிவம். மீதியெல்லாம் அவரவர் சேர்த்தது. இன்னொரு கோணமும் உண்டு. அசல் ஒப்பந்தச் சீட்டையே அச்சடித்துத் தைத்து, பழசாக்கியும் விட்ட நகல், இரண்டு கை மாறினால் அசலாகிவிடும். சேகரிப்பாளர்கள் புற ஊதா விளக்கை வைத்து நூல் ஒளிர்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். இன்றைய செயற்கை இழை ஒளிரும், பழைய பருத்தி மங்கிக் கிடக்கும்.

மேலே சொன்ன பஸ் ரிக்சன்ஸ் நிறுவனத்தின் பெயரே ஒரு நகல். 1962இல் வந்த 'த வார் லவர்' படத்தில் மெக்குவீன் ஏற்ற விமானியின் பெயர் அது. 2003இல் வில்லியம் கிப்சன் எழுதிய 'பேட்டர்ன் ரெகக்னிஷன்' நாவலின் நாயகி அந்த நிறுவனத்தின் கறுப்பு நிற எம்ஏ-1 ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரிகிறாள். எம்ஏ-1 நைலான், ஆகவே கணக்குப்படி இந்தக் கட்டுரைக்கு வெளியே நிற்க வேண்டியது. அந்த நிறுவனம் அப்போது கறுப்பில் தைக்கவே இல்லை; கிப்சன் கற்பனையில் சாயம் ஏற்றியிருந்தார். வாசகர்கள் கேட்டு எழுதினார்கள். நிறுவனமும் அவருடைய சம்மதத்தோடு, தான் பிடிவாதமாகக் காப்பாற்றி வந்த பழைய வெட்டை அப்படியே வைத்து, நிறத்தை மட்டும் கறுப்பாக்கித் தைத்தது. படையின் எந்த ஆவணத்திலும் இல்லாத அந்த ஜாக்கெட், தையலை எண்ணுகிறவர்களிடமும் விலைபோனது. இன்றும் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறது.